தாடைப் படமும் மதுக்குடமும்

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம். என் ஓரகத்திக்குப் பல் வலி. ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு பல் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பல்லைக் காட்டப் போன இடத்தில் முதுகெலும்பைப் பற்றிப் பேச்சு வரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

ஓரகத்தி என்று எழுதினேனே தவிர, எனக்கு அவர் அக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வாசல், இரண்டு வீடு. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். அக்காவுக்கு உட்கார்ந்த வேலை ஆகாது. கடலை பறிப்பு, முந்திரிக் கொட்டை பொறுக்குவது என்று எப்போதும் காட்டில்தான் இருப்பார். அறுபதை நெருங்கும் வயதிலும் அவரோடு நடந்தால் நாம் பின்னால் ஓட வேண்டும். "ஒனக்குக் காலு தையக்காரக் காலு, மிதிக்கத்தான் தெரியும், நடக்கத் தெரியாது" என்று என்னைக் கேலி செய்வார்.

அந்த மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். ஆடுகிற பல் ஒன்று, வலிக்கிற பல் ஒன்று என்று அக்கா விரலை விட்டுக் காட்டியதும், வாய் முழுக்க ஒரே எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். தாடையை ஒரு பலகையில் வைத்து நிற்கச் சொன்னார்கள். தலையைச் சுற்றிப் படம் எடுக்கும் மெஷின் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. "சாமிய நாமதான சுத்துவோம், இது நம்மளச் சுத்துதே" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் அக்கா.

படம் கம்ப்யூட்டரில் வந்தது. டாக்டரம்மா பல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். பல்லுக்கு ரொம்பக் கீழே, தாடையின் அடி ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க. கீழ்த்தாடையோட அடி ஓரம் ஒரு கெட்டியான வெள்ளைக் கோடு மாதிரி இருக்கணும். அம்மாவுக்கு அது ரொம்ப மெலிஞ்சு, உள்பக்கம் அரிச்ச மாதிரி தெரியுது" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். துணியின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் விட்டால் நூல் பிரிந்து பிரிந்து நிற்குமே, அப்படி இருந்தது அந்த ஓரம்.

"பல்லப் புடுங்கு தாயின்னா தாடையப் பத்திப் பேசுறியே" என்றார் அக்கா.

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. மாதவிலக்கு நின்று எத்தனை காலம் ஆச்சு, கீழே விழுந்து எலும்பு ஏதும் முறிந்திருக்கிறதா, முதுகு வலி உண்டா, வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேட்டார்.

"சுகரு இல்ல, பிரஷரு இல்ல. மாத்திரையே கெடயாது எனக்கு. முதுகு வலி யாருக்குத்தான் இல்ல" என்று பெருமையாகச் சொன்னார் அக்கா.

"உயரம் கொறஞ்ச மாதிரி இருக்கா?"

"அளந்து பாக்க இது என்ன வளர்ற வயசா?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச காலமாகவே அக்காவின் பாவாடைகளை நான் கீழே மடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தரையைத் தட்டுகிறது என்று அவர் கொண்டு வருவார். துணிக்கடைக்காரன் நீளமாக வெட்டுகிறான் என்று இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டுவோம். பழைய பாவாடையும் ஏன் தரையைத் தட்டுகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

அதைச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இத வச்சு நோய்னு முடிவா சொல்ல முடியாதுங்க. இது பல்லுக்கு எடுத்த படம். ஆனா ஓரம் இப்படி இருந்தா ஒடம்புல மத்த எலும்பும் பலம் கொறஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வருது. முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்க. எலும்பு அடர்த்தி பாக்குற டெஸ்ட் திருச்சியில இருக்கு, அதையும் எடுத்துருங்க. அதுவரைக்கும் கனமா எதையும் தூக்க வேணாம். கீழ விழாமப் பாத்துக்கங்க."

ஈறு வீங்கியிருக்கிறது, வீக்கம் வடியட்டும், பிறகு பல்லை எடுக்கலாம் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"இங்க கேட்டத இங்கிட்டே விட்டுட்டு வா. நாளன்னைக்கு மதுவெடுப்பு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மதுவெடுப்பு என்றால் சொல்லவே வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அம்மனுக்கு எடுக்கிற திருவிழா அது; மது என்று பேர் இருந்தாலும் குடத்தில் இருப்பது நெல்தான். பித்தளைக் குடத்தில் நெல்லை நிரப்பி, அதில் விரிந்த தென்னம்பாளையைச் செருகி, பூச்சுற்றி, பெண்கள் தலையில் வைத்துக் கொட்டு மேளத்தோடு கோயிலுக்கு நடப்பார்கள். குடத்தில் உள்ள நெல்லைக் கோயில் வாசலில் கொட்டுவார்கள். எங்கள் ஊரில் முதல் குடம் எங்கள் வீட்டுக் குடம். அதை மூத்த மருமகள்தான் எடுக்க வேண்டும். தலையில் ஏறிய குடத்தைக் கோயில் வரைக்கும் இறக்கக் கூடாது, வேறொரு கை அதில் படவும் கூடாது. என் மாமியார் காலத்துக்குப் பிறகு அந்தக் குடம் ஒரு வருடம்கூட அக்காவின் தலையை விட்டுப் போனதில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், அக்கா இடுப்பிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, பாதியாக உடைத்த பொடி மாத்திரை ஒன்று. தண்ணீர் பாட்டிலைத் திறந்து விழுங்கினார்.

"மாத்திரையே கெடயாதுன்னீங்க?"

"இது மாத்திரையா? செட்டு. கடலை பறிச்ச அலுப்புக்குப் போடுறது. மெடிக்கல்ல மேலு வலின்னு சொன்னா மடிச்சுக் குடுப்பாரு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அது கெடக்கு பல வருஷமா என்றார். எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் அந்தச் செட்டைப் போடுகிறார்கள். காப்பி குடிப்பதை யாராவது மருந்து சாப்பிடுவதாகச் சொல்வார்களா? அப்படித்தான் இதுவும்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் போய், மருந்துச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். டாக்டரம்மாவே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு இல்லாத மாத்திரைய என்னன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்த மாதிரி செட்டுல பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். வருஷக்கணக்கா அதச் சாப்பிட்டா எலும்பு கரையும். அதுக்காக இன்னைக்கே திடீர்னு நிறுத்தவும் வேணாம், அதுவும் ஆபத்து. பெரிய டாக்டர்கிட்டக் காட்டி, அவங்க சொல்ற மாதிரி கொறைக்கணும். கனம் மட்டும் தூக்க விட்றாதீங்க. முதுகெலும்பு நொறுங்கிரும்."

நொறுங்கிரும் என்ற அந்தச் சொல் என் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் பேசிப் பார்த்தேன். இந்த வருஷம் நான் எடுக்கிறேனே அக்கா என்றேன்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பல்லு டாக்டரு பல்லப் பாத்தாப் போதாதா" என்று சொல்லிவிட்டுப் பந்தல் வேலைக்குப் போய்விட்டார். அக்காவின் வீட்டுக்காரருக்கோ கோயில் வேலையில் தலை சொறிய நேரமில்லை. மறுநாள் முழுக்க அக்கா வீடு மெழுகுவதும், குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதுமாக இருந்தார். குனிந்து நிமிரும்போது அவர் கை தன்னால் இடுப்புக்குப் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் எத்தனை முறை போயிருக்குமோ.

திருவிழா அன்று மத்தியானம் அக்கா குளிக்கப் போனார். குடம் நெல் நிறைந்து அவர் வீட்டு நடுவில் இருந்தது. நான் கதவைச் சாத்தினேன். குடத்தைச் சாய்த்து நெல்லை ஒரு சாக்கில் கொட்டினேன். படைப்பதற்காக வாங்கி வைத்திருந்த நெற்பொரியை எடுத்துக் குடத்தில் திணித்தேன். மேலே ஒரு படி நெல்லைப் பரப்பினேன். பார்வைக்கு நிறைகுடம்தான். பொரியும் நெல்லில் வந்ததுதானே, கோவிச்சுக்காத ஆத்தா என்று அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பாளையைச் செருகும்போது அது பிடிமானம் இல்லாமல் லேசாக ஆடியது. அவசரத்தில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

குடம் தூக்கும் நேரம் வந்தது. வாசலில் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நிற்கிறார்கள். கொட்டு அடிக்கிறது. தலையில் ஏற்றும்போது மட்டும் இரண்டு பேர் கை கொடுக்கலாம். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் எதிர்வீட்டு மதினி. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க, குடம் பஞ்சு மாதிரி மேலே வந்தது. மதினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அக்காவின் தலையில் குடம் உட்கார்ந்தது. அவர் முகம் மாறியது. அத்தனை வருடம் அந்தக் கனத்தைத் தாங்கிய தலைக்குத் தெரியாதா? உதடு அசையாமல் கேட்டார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நடங்க அக்கா" என்றேன். குலவைச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

அக்கா நடந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். தெருவுக்குள் நடக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. பிழைத்தோம் என்றுகூட நினைத்தேன். கண்மாய்க் கரை ஏறியதும்தான் வினை வந்தது. அங்கே காற்று எப்போதும் உண்டு. நெல் நிறைந்த குடம் என்றால் கனத்தில் தலையோடு தலையாக உட்கார்ந்துவிடும். இது வெறும் பொரி. மேலே விரிந்து நிற்கிற பாளை வேறு. காற்று பாளையைப் பிடித்து இழுத்தது. குடம் இப்படியும் அப்படியும் ஆடியது. அக்கா கழுத்தை விறைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் இறுக்கி, ஒவ்வொரு அடியாக வைத்தார். கரையோ குறுகல். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கருவேலஞ்சரிவு.

கனம் தூக்கினால் முதுகு நொறுங்கும் என்று சொன்னார்கள். விழுந்தாலும் நொறுங்கும் என்றுதானே அர்த்தம். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நானே அவரை விழத் தள்ளுகிறேனோ என்று அந்த நிமிடம் தோன்றியது.

காற்று ஒரு சுழட்டுச் சுழட்டியது. அக்காவின் கால் சரளையில் வழுக்கியது. இடது பக்கமாகச் சாய்ந்தார். குடத்தைத் தொடக் கூடாது என்பது எனக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது. ஆளைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டு கையாலும் அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்து, என் உடம்போடு சேர்த்து நிறுத்தினேன். அவருடைய இரண்டு கையும் மேலே குடத்தில் இருந்தன. அவருக்கு மூச்சு வாங்குவது என் நெஞ்சில் இடித்தது.

"விட்றாத" என்றார். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. கரை முடிகிற வரைக்கும் அவரைக் கட்டிப் பிடித்தபடியே நடந்தேன். நான் அடி வைத்தால்தான் அவர் அடி வைத்தார். பின்னால் வந்த மதினி, "என்னங்கடி, ஒரு கொடத்த ரெண்டு பேரு எடுக்குறீங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

கோயில் வந்தது. அப்பாடா என்று கையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் குடத்தைக் கொட்ட வேண்டும். முதல் குடம் முதலில் கொட்ட வேண்டும். குடத்தைக் கவிழ்த்தால் மேலே இருக்கிற நெல் அடிக்குப் போகும், அடியில் இருக்கிற பொரி மேலே வரும். இந்தச் சின்னக் கணக்கு என் புத்திக்கு ஏன் எட்டவில்லை என்று தெரியவில்லை. ஊரே சுற்றி நிற்கிறது.

அக்கா குடத்தைக் கவிழ்த்தார். கொஞ்சம் நெல் விழுந்தது. அதற்கு மேல் பொலபொலவென்று வெள்ளையாகப் பொரி விழுந்து குவிந்தது. காற்றில் நாலு பொரி பறந்து பூசாரியின் காலடிக்குப் போனது.

"இதென்ன, ஆத்தாளுக்குப் பொரியா?" என்று கேட்டார் மதினி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார். சத்தம் போடவில்லை. வெற்றிலை வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"நான்தான் பொரி போடச் சொன்னேன். பல்லு வலின்னு போனேன். என் தாடையப் படம் புடிச்சுப் பாத்துட்டு, எலும்பெல்லாம் இத்துப் போயிருக்கும் போல, கனம் தூக்காதன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. கொடத்த எறக்க மனசு வரல, இடுப்ப ஒடச்சுக்கவும் மனசு வரல. அதான் பொரி. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், ஒனக்கு ஏன் வேர்க்குது?"

பூசாரி ஒரு நிமிடம் பொரியையே பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த குடத்தைக் கொட்டச் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். சாமி கும்பிட்டு உட்கார்ந்ததும் மதினி மெதுவாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். கேலி செய்ய வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் படம் எங்கிட்டு எடுத்தீங்க? எனக்கும் கொஞ்ச நாளா நிமிர முடியல" என்றார். இடத்தைச் சொல்லி, செட்டு மாத்திரையால் எலும்பு கரையலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். மதினி குரலை இன்னும் இறக்கி, "அந்தச் செட்டு மாத்திர நானும் போடுறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த இன்னும் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டலம் எல்லார் இடுப்பிலும் இருந்தது.

திருவிழா முடிந்த கையோடு கீரனூர் வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறினோம். எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்தோம், முதுகுக்கும் படம் எடுத்தோம். டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரி. எலும்பு நன்றாகவே மெலிந்திருந்தது. முதுகெலும்பில் ஒரு கண்ணி ஏற்கெனவே கொஞ்சம் அமுங்கிப் போயிருந்தது. அக்கா குட்டையாகிக்கொண்டு வந்ததும், நான் அவர் பாவாடைகளை மடித்துத் தைத்ததும் அதனால்தான். நெல் நிறைந்த குடத்தைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். படுத்த படுக்கையாகக்கூட ஆகியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். கண்மாய்க் கரையில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செட்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். எலும்புக்கு மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் பல் வேலையை முடித்துவிட வேண்டும் என்றார்கள். அதே டாக்டரம்மாவிடம் போய்ப் பல்லை எடுத்தோம். "பல்லு போனா என்ன தாயி, முதுகு இருக்குல்ல" என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே சொன்னார் அக்கா.

பல் எடுக்கப் போகும் வழியில், பஸ்ஸில் மட்டும் ஒரு முறை என்னிடம் கேட்டார். "ஏன்டி, அன்னைக்கு என்னையக் கேக்காம அத்தன நெஞ்சழுத்தமா?"

"கேட்டா விட்டுருப்பீங்களா?"

"விட்டுருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சண்டையும் அதுதான், சமாதானமும் அதுதான்.

அடுத்த வருடம் முதல் குடத்தை நான் எடுத்தேன். அக்காவே பங்காளிகளிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். குடத்தை நிரப்பியதும் அவர்தான். கீழே உட்காராமல், குடத்தை மேசை மேல் வைத்துப் படி படியாக நெல்லைப் போட்டு, தட்டித் தட்டி அமுக்கி நிரப்பினார். போதும் அக்கா என்றேன். "கனமா இருந்தாத்தான்டி உக்காரும், ஒனக்குத் தெரியாதா" என்றார். தலையில் வைத்ததும் எனக்குக் கழுத்தே உள்ளே போய்விட்டது. கண்மாய்க் கரையில் அதே காற்று. குடம் அசையவில்லை. ஆனாலும் என் இடுப்பில் பின்னாலிருந்து ஒரு கை வந்து பட்டு, கரை முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தது.

பல்லுக்கு எடுத்த படத்தில் தாடையின் ஓரத்தையும் பார்த்த அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம், தினமும் கண் எதிரே இருக்கிற ஒரு மனுஷியைப் பார்ப்பதை நான் எத்தனை காலம் பாவாடை நீளத்தோடு நிறுத்திக்கொண்டேன் என்று தோன்றும். அதனால் இப்போது யார் துணி கொண்டு வந்தாலும், துணியை அளப்பதற்கு முன்னால் அவர்கள் முகத்தையும் நிற்கிற நிலையையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.